மணமும் நாற்றமும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, முசலிக் கரையிலுள்ள அரிப்பில், கடலைப் பார்த்தபடி ஓர் இடிந்த மாளிகை நிற்கிறது. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆள்பதியாகிய பிரெடறிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த 'டொரிக்' மாளிகை அது. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். கடல் கரையை அரித்து வர, மாளிகையும் சுவர் சுவராகச் சரிந்து கடலுள் விழுந்து கொண்டிருக்கிறது. வரலாற்றுப் பாடத்துக்கென என் மாணவரை ஆண்டுதோறும் அங்கே அழைத்துச் செல்வது என் வழக்கம்.

ஒருமுறை மாளிகையின் நிழலில் மாணவர்கள் சோற்றுப் பொதிகளை அவிழ்த்தனர். ஒரு சிறுமியின் பொதியில் கருவாட்டுக் குழம்பு. அவளது தந்தை கடற்றொழிலாளி. அண்மையில் நகரத்திலிருந்து வந்து எங்கள் பாடசாலையில் சேர்ந்த மாணவன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். இரண்டொருவர் சிரித்தனர். அவர்களும் கருவாடு தின்று வளர்ந்தவர்களே, ஆயினும் சிரித்தனர். சிறுமி பொதியை மடித்துக்கொண்டு சுவரின் மறுபுறம் சென்று தனியே இருந்து உண்டாள்.

அற்ப நிகழ்ச்சி என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆயின், அவள் சென்று மறைந்த அச்சுவர் எழுப்பப்பட்ட காலத்தில் அக்கரை முழுவதையும் சூழ்ந்திருந்த நாற்றம் எது, அதனை மூக்குப் பொத்தாமல் தாங்கியவர் எவர் என்பதை எண்ணிப் பார்த்தால், அச்சிறுமியின் வெட்கத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பது புலனாகும். அவ்வரலாற்றையே இங்கு நோக்க முற்படுகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். கறியின் வாசம் நெடுநேரம் தங்குவது உண்மையே. வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் வதங்கும்போது கந்தகச் சேர்வைகள் ஆவியாகி எழுகின்றன. சீரகம், கொத்தமல்லி, மஞ்சள் முதலியவற்றின் மணப்பொருட்கள் பெரும்பாலும் எண்ணெயிலே கரைபவை. கொதிக்கும் எண்ணெயின் நுண்துளிகளோடு அவை காற்றில் ஏறி, துணியிலும் மரத்திலும் கூந்தலிலும் படிந்துவிடுகின்றன. வெறும் நீரால் கழுவினால் அவை எளிதிற் போவதில்லை. மீனின் வாடைக்குக் காரணம், மீன் செத்தபின் அதன் தசையில் உண்டாகும் அமீன் வகைச் சேர்வையாகும். புளியும் தேசிக்காயும் அதனைக் கட்டுப்படுத்துகின்றன. வேதியியல் என்ற சொல்லையே அறியாத எங்கள் மூதாட்டிமார் மீன்கறிக்குப் புளி கரைத்து ஊற்றியதில் இந்த அறிவு இருந்தது.

மற்றோர் உண்மையும் உண்டு. இடைவிடாது நுகரும் வாசத்தை மூக்கு சிறிது நேரத்தில் உணராது விட்டுவிடுகிறது. ஆகையால் எவருக்கும் தம் வீட்டு வாசம் தெரிவதில்லை. அயல்வீட்டு வாசமே தெரியும். எல்லா வீட்டுக்கும் ஒரு வாசம் உண்டு. வெண்ணெயும் பாற்கட்டியும் புழங்கும் வீட்டுக்கும் உண்டு. நெய்யும் பெருங்காயமும் புழங்கும் வீட்டுக்கும் உண்டு. இவற்றுள் எது 'மணம்', எது 'நாற்றம்' என்று தரம் பிரிக்கும் வேலையை மூக்கு தனியே செய்வதில்லை.

நாற்றம் என்ற சொல்லின் கதையே இதற்குச் சான்று. பழந்தமிழில் அச்சொல் இழிவைக் குறிக்கவில்லை. திருக்குறளில் அது ஐம்புல நுகர்ச்சிகளுள் ஒன்றின் பெயராக வருகிறது. பிறிதோரிடத்தில் மலரும் பருவத்து அரும்பினுள் அடங்கிய நறுமணத்தைக் குறிக்கிறது. பின்னரே அச்சொல் தாழ்ந்து, கெட்ட வாடைக்கு மட்டும் உரியதாயிற்று. சொற்கள் இறங்குவதும் ஏறுவதும் மனிதரைப் போலத்தான்.

ஆயின் மீன் வாடையைப் பற்றிய கூச்சம் பழமையானதே. நற்றிணையின் 45ஆம் பாடல் நெய்தல் நிலத்துப் பாடல். தேரேறி வந்த செல்வன் ஒருவன் மீனவப் பெண்ணை நாடி நிற்கிறான். தோழி அவனிடம், இவள் கடலில் மீன்பிடிக்கும் பரதவர் மகள் என்றும், நீ பெருநகரத்துச் செல்வன் மகன் என்றும் வேறுபாட்டை எடுத்துரைக்கிறாள். சுறாமீனை அறுத்துக் காயவைத்துப் பறவைகளை விரட்டும் எங்கள் மேனியில் புலால் வாடை வீசும், ஆகையால் எட்டி நில் என்கிறாள். வாடையை அவள் மறைக்கவில்லை. எங்கள் சிறு வாழ்க்கையும் நல்வாழ்க்கையே, எம்மவரிடத்தும் தலைமைக்கு உரியவர் உளர் என்று முடிக்கிறாள்.

இதனோடு மாபாரதக் கதையின் மச்சகந்தியை ஒப்புநோக்குக. அவளும் செம்படவர் குடியில் வளர்ந்தவள். மீன் வாடையினாலேயே அப்பெயர் பெற்றவள். பராசர முனிவரின் வரத்தால் அவ்வாடை நீங்கி நெடுந்தொலைவு மணம் வீசுபவளானாள். சந்தனு மன்னன் அந்த மணத்தை நுகர்ந்தே அவளைத் தேடி வந்து அரசியாக்கிக் கொள்கிறான். ஒருத்தி தன் வாடையோடு நிமிர்ந்து நிற்கிறாள். மற்றவள் வாடை நீங்கிய பின்பே அரண்மனைக்கு ஏறுகிறாள். பின்வந்த நூற்றாண்டுகளில் நம் சமுதாயம் பிள்ளைகளுக்குப் பெரிதும் சொல்லிக் கொடுத்தது இரண்டாமவளின் கதையையே.

இனி எமது கரைக்கு வருவோம். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களின் எதிரே கடலடியில் முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டதும் மணல்வெளியில் பல்லாயிரம் பேர் கூடும் தற்காலிக நகரம் ஒன்று எழும். கீழக்கரை, தொண்டி, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும் அரபு நாட்டுக் கரைகளிலிருந்தும் குளிப்பாளர் வந்தனர். காலில் கல்லைக் கட்டி மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கிய அவர்களுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே உரியது. எஞ்சிய இரு பங்கையும் அரசாங்கம் எடுத்து மாலைதோறும் ஏலம் விட்டது.

ஏலத்தில் எடுத்த சிப்பியை எவரும் ஒவ்வொன்றாக உடைப்பதில்லை. 'கொட்டு' எனப்படும் வேலியடைத்த கொட்டில்களில் குவித்து அழுகவிடுவர். வெயிலில் சிப்பியின் தசை புழுத்து உருகி ஒழுகும். ஒரு வாரத்துக்கு மேற்பட்டு அவ்வாறு அழுகிய பின்னரே நீரில் அலசி முத்தைப் பொறுக்குவர். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. எட்டுக் கோடிச் சிப்பிகள் ஒரே கரையில் அழுகின என்றால் அந்த வாடை எத்தகையது என்பதை வாசகரே கற்பித்துக் கொள்ளலாம். எந்த ஏழையின் கருவாட்டுச் சட்டியும் அதற்கு இணையாகாது.

அந்த நாற்றத்தை வெள்ளை அதிகாரிகள் உணராமல் இல்லை. படையதிகாரியாக இருந்த றொபேட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட தம் நூலில், கொண்டச்சியைச் சூழப் பல மைல் தூரத்துக்கு அந்த வாடை காற்றைக் கெடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஆயினும் இலாப நம்பிக்கையை அந்த நாற்றத்தால் வெல்ல முடியவில்லை என்றும், குளிப்பு முடிந்து மாதக்கணக்கான பின்னரும் மக்கள் சிப்பி அழுகிய மணலைத் துழாவித் திரிந்தனர் என்றும் அவரே கூறுகிறார். 1906இல் இளம் அதிகாரியாக மரிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டவர் லெனாட் வூல்வ். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து எழுதிய அவ்வெழுத்தாளரின் சிறுகதை ஒன்றிலும் தன்வரலாற்றிலும் அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்களும் இடம்பெறுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை நாற்றத்துக்கும் முத்துக்குளிப்பை எவரும் தடை செய்யவில்லை. மாறாக, ஆள்பதியே அக்கரைக்கு வந்து மாளிகை கட்டிக்கொண்டான். 1905இல் அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. அடுத்த ஆண்டே இலண்டன் முதலாளிகளின் கம்பனி ஒன்று முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி வளம் அருகி, அந்த வேட்டை வீழ்ச்சியடைந்தது. வருமானம் வந்த வரையில் அழுகல் நாற்றம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகவே இருந்தது. இலண்டன் சீமாட்டியின் கழுத்தில் தொங்கிய முத்தில் எங்கள் கரையின் வாடை சிறிதும் ஒட்டியிருக்கவில்லை. அது குளிப்பாளனின் உடம்பிலும், சிப்பி அலசிய கூலியாளின் கையிலும் தங்கிவிட்டது.

கறிக்கு நேர்ந்த கதியும் இதுவே. ஐரோப்பியர் வழங்கும் 'கறி' என்னும் பெயரின் வேர் நமது தமிழ்ச் சொல்லே. 1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் ஆங்கில மாது வெளியிட்ட சமையல் நூலிலேயே இந்திய முறைப்படி கறி சமைக்கும் குறிப்பு இருந்தது. 1810இல் தீன் முகம்மது என்ற இந்தியர் இலண்டனில் இந்திய உணவுக்கென உணவுச்சாலை ஒன்றைத் திறந்தார். ஈராண்டுகளில் அவர் நொடித்துப் போனார். கறித்தூளோ புட்டிகளில் அடைபட்டு ஆங்கிலக் கடைகளில் விற்பனையாயிற்று. ஆனால் இந்தியாவில் வெள்ளைத் துரையின் பங்களாவில் சமையலறை வீட்டோடு ஒட்டாமல் பின்புறத்தே தனியாகக் கட்டப்பட்டது. வெக்கையும் புகையும் வாசமும் சமையற்காரனோடு நிற்க, கறி மட்டும் மேசைக்கு வந்தது. பண்டம் வேண்டும், அதனைச் சமைத்தவனின் வாசம் வேண்டாம் என்பதே குடியேற்ற ஆட்சியின் கொள்கை.

அந்த ஆட்சி மறைந்த பின்னரும் அக்கொள்கை மறையவில்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகளை வாடகைக்கு விட்டுப் பொருளீட்டிய உரிமையாளர் ஒருவர், 'நிறத்தவருக்கு' வீடு கொடுக்கவேண்டாம் என்று தம் முகவர்களுக்குப் பணித்தார். அவர்கள் போன பின்னும் கறிவாசம் விரிப்பில் தங்கிவிடுகிறதாம். சமத்துவத்துக்கும் மனித உரிமைக்குமான ஆணைக்குழு இதனை வழக்காக்கியது. 2017 நவம்பரில் மெய்ட்ஸ்டன் நகர நீதிமன்றம் அக்கொள்கை சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்துத் தடையாணை பிறப்பித்தது. இனத்தைச் சொல்லக் கூசிய இடத்தில் வாசத்தைச் சொல்வது வழக்கம். இவரோ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டமையால் அகப்பட்டுக் கொண்டார்.

இதனிலும் நுட்பமான பாடத்தைத் தந்தது சிங்கப்பூர். அந்நாட்டு மக்களிற் பத்தில் எட்டுப் பேர் வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்வோர். ஒருவரின் சமையலறைக் காற்று மற்றவரின் வாசலைத் தொடும். 2011 ஆகஸ்ட் 8இல் 'டுடே' நாளிதழ், சில ஆண்டுகளுக்கு முன் சமூக மத்தியஸ்த நிலையத்துக்கு வந்த பிணக்கு ஒன்றைப் பற்றி எழுதியது. சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பம் ஒன்று, அயலிலிருந்த இந்தியக் குடும்பத்தின் கறிவாசத்தைத் தாங்க முடியவில்லை என்றது. இந்தியக் குடும்பத்தார் ஏற்கெனவே கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டே சமைத்து வந்தவர்கள். அதுவும் போதவில்லை. முடிவில், அயலார் வீட்டில் இல்லாத வேளையில் மட்டுமே கறி சமைப்பது என்று இந்தியக் குடும்பமும், அந்தக் கறியை ஒருமுறை உண்டு பார்ப்பது என்று சீனக் குடும்பமும் உடன்பட்டன.

செய்தி வெளிவந்ததும் நாடே கொதித்தது. தன் அடுப்பங்கரையில் தன் உணவைச் சமைக்க ஒருவர் அயலாரின் வருகையைப் பார்த்திருக்க வேண்டுமா என்று மக்கள் கேட்டனர். மத்தியஸ்தர் எதனையும் திணிக்கவில்லை, இரு தரப்பாரும் தாமாகவே உடன்பட்டனர் என்று சட்ட அமைச்சர் கா. சண்முகம் விளக்க நேர்ந்தது. 2011 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தத்தம் வீட்டில் ஒரு சட்டி கறி சமைத்துப் பகிர்வோம் என்ற அழைப்புக்கு 50,000க்கு மேற்பட்டோர் இசைவு தெரிவித்தனர். சீனர், மலாயர், இந்தியர் என்ற வேறுபாடு அதில் இருக்கவில்லை.

மனத்துக்கு இதமான காட்சிதான். ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நாம் காணாமல் விடலாகாது. அன்றைய கொதிப்பில் கறியின்மேல் கொண்ட அன்பு மட்டுமன்றி, புதிதாக வந்த குடியேறிகள்மேல் கொண்ட வெறுப்பும் கலந்திருந்தது. வீட்டு விலை ஏறியதற்கும் வேலை கிடைக்காததற்கும் காரணமானவர் என்று அவர்கள் சுட்டப்பட்ட காலம் அது. நேற்று வந்தவனின் வாசம் நாற்றமாகிறது. அவன் பழகிய பின் அடுத்து வருபவனின் குறை கண்ணிற் படுகிறது. ஒருவரையொருவர் முகர்ந்து பகைக்கும்வரை, உழைப்போர் தம் வாடகையையும் கூலியையும் யார் தீர்மானிக்கிறார் என்று கேட்பதில்லை.

பிறரைக் குறை சொல்லிக் கட்டுரையை இத்துடன் முடித்துவிடுவது எளிது. நம் வீட்டு நடையையும் நோக்க வேண்டாமா? தமிழ் நகரங்களில் 'சைவ உணவினருக்கு மட்டும்' வீடு வாடகைக்கு என்ற அறிவிப்பைப் பாராதார் யார்? 2014 ஏப்ரலில் சென்னை 'தி இந்து' நாளிதழின் அலுவலகத்தில், ஊழியர் உணவுக்கூடத்துக்கு மாமிச உணவு கொண்டுவரலாகாது, பெரும்பான்மையினருக்கு அது சங்கடம் தருகிறது என்ற அறிவித்தல் வெளியாயிற்று. 2018 டிசம்பரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் உணவுக்கூடம் ஒன்றில், சைவர்க்கும் மாமிசம் உண்போர்க்கும் தனித்தனி வாயிலும் கைகழுவுமிடமும் குறித்த அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்புக்குப் பின்னரே அவை அகற்றப்பட்டன. தனி வாயில், தனி நீர் என்ற சொற்கள் தமிழனின் காதுக்குப் புதியனவா? சாதியின் பெயரைச் சொல்லக்கூடாத இடத்தில் சட்டியின் பெயரைச் சொல்கிறோம்; வேறென்ன?

என் வாழ்விலிருந்தே ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாளில் நகரத்து வீடொன்றில் அறை எடுத்துத் தங்கினேன். வீட்டுக்காரர் படித்தவர், சங்கப் பாடல்களை மனனமாகச் சொல்லக்கூடியவர். "எல்லாம் சமையுங்கோ தம்பி, கருவாடு மட்டும் வேண்டாம், வீடு முழுக்க நாறும்" என்றார். நானும் தலையாட்டினேன். நற்றிணைத் தோழியின் சொற்களை வகுப்பில் வியந்தவன், வீட்டில் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் உம்மா முசலியிலிருந்து பேருந்தேறி என்னைப் பார்க்க வந்தார். கையில் பொரித்த கருவாட்டுப் பொதி. அறைக்குள் கொண்டுபோக முடியாது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தம் முக்காட்டின் ஓரத்தை எடுத்து மெல்ல முகர்ந்து பார்த்தார். பின்னர் பொதியைத் திரும்பக் கொண்டு போய்விட்டார்.

அந்த வீட்டுக்காரர் கொடியவர் அல்லர். அன்று நான் செய்ததை விடவும் அவர் செய்தது பெரிதன்று. இழிவு இவ்வாறுதான் வேலை செய்கிறது. மேலிருப்பவன் ஒருமுறை மூக்கைச் சுளித்தால் போதும், கீழிருப்பவன் தன் தாயின் சேலையிலும் அந்த நாற்றத்தைத் தேடத் தொடங்கிவிடுவான்.

ஆனால் உம்மா எனக்கு வேறொரு பாடத்தையும் தந்தவர். 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடும் நிலமும் இழந்தனர். முசலி மக்களும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் அகதிகளாயினர். நான் வளர்ந்தது அங்கேதான். கிடுகால் மறைத்த குடிசைகள் வரிசையாக நிற்கும். ஒரு குடிசையின் மூச்சு மறு குடிசைக்குக் கேட்கும் என்றால் வாசத்தைச் சொல்ல வேண்டுமா? எங்கள் பேச்சில் ஆணம் என்றழைக்கும் குழம்பு யார் வீட்டில் கொதிக்கிறது, யார் வீட்டில் அடுப்பு மூளவில்லை என்பது வரிசை முழுவதற்கும் தெரியும். அங்கே எவரும் யன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. சாத்துவதற்கு யன்னலும் இருக்கவில்லை. வாசம் போன வழியே சிறிது நேரத்தில் ஒரு கிண்ணமும் போகும். குழம்பு காய்ச்சினால் நீரைச் சற்றுக் கூட்டி அயலாரையும் கவனித்துக்கொள் என்னும் கருத்துடைய நபிமொழியை உம்மா அடிக்கடி சொல்வார். குழம்பு நீர்த்துத்தான் இருக்கும். ஆயினும் வந்தது.

ஒரே வாசத்துக்கு இரண்டு பதில்கள் உள்ளன என்பதை அங்கேதான் கண்டேன். ஒன்று, சாத்து என்பது. மற்றொன்று, தா என்பது. உடைமை உள்ள இடத்தில் வாசம் விரிப்பைக் கெடுக்கிறது; வாடகை மதிப்பைக் குறைக்கிறது; ஆகையால் குற்றமாகிறது. உடைமையற்றோர் நெருங்கி வாழும் இடத்தில் அது ஒரு செய்தி. பசித்தவனுக்கும் சமைத்தவனுக்கும் இடையே ஒரு கடப்பாடு. வறுமையைப் புகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்தக் குடிசைகளில் நோயும் சண்டையும் இருந்தன. அவற்றுக்கு எவரும் திரும்பிப் போக விரும்பார். நல்ல வீடும் நல்ல யன்னலும் எல்லோருக்கும் வேண்டும். அந்த யன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கும் உரிமையும் அதனோடு சேர்ந்து வேண்டும்.

போர் முடிந்த 2009க்குப் பின் நாங்களும் முசலிக்கு மீண்டோம். உம்மா இப்பொழுது சொந்த அடுப்பில் சமைக்கிறார். அன்று திரும்பிப்போன பொதியைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. நானும் கேட்கத் துணிந்ததில்லை.

அரிப்புப் பயணத்துக்கு அடுத்த வாரம், இவ்வரலாற்றின் ஒரு பகுதியை, கொட்டில் அழுகிய சிப்பிகளின் கதையை, என் வகுப்பில் விரித்துச் சொன்னேன். கருவாட்டுப் பொதியோடு மறைந்து இருந்து உண்ட அந்தச் சிறுமி கையை உயர்த்தினாள். "அவ்வளவு நாறிச்சுதெண்டா, அந்தத் துரை ஏன் சேர் அங்க வந்து வீடு கட்டினவர்?" என்று கேட்டாள்.

விடையை நான் சொல்லவில்லை. வகுப்பையே சிந்திக்கச் சொன்னேன். சிறிது நேரம் கழித்து, "முத்து இருந்தபடியால்" என்றான் ஒருவன். அன்று மூக்கைப் பொத்திய அதே மாணவன்.